சட்டைப் பைக்கு ஏற்ற மடக்குக்கத்தி எது?

சென்னையின் கொரட்டூரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் வந்து சேரும் சாமான்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். மூன்று சுற்று டேப் ஒட்டிய கூரியர் பார்சல், வாய் தைத்த அரிசி மூட்டை, பிளாஸ்டிக் பட்டை இறுக்கிய அட்டைப் பெட்டி, கெட்டி பிளாஸ்டிக்குக்குள் அடைத்த பல்பு, சணல் போட்டுக் கட்டிய வாழையிலைக் கட்டு. இவற்றைத் திறக்க நம்மில் பெரும்பாலோர் தேடுவது வீட்டுச் சாவியை. சாவி இல்லாவிட்டால் பல். பக்கத்திலுள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர் உடைந்த ஹாக்ஸா பிளேடைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறார்கள். அது காகிதத்தையும் கிழித்து, பையையும் கிழித்து, ஒரு நாள் விரலையும் கிழிக்கும்.

இந்த வேலைகளுக்கென்றே உள்ள கருவி மடக்குக்கத்தி. பேனாக்கத்தி என்று நம் தாத்தாக்கள் சொன்னதும் இதைத்தான். மெலிதாக, எடை தெரியாமல், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் அளவுக்கு இன்று அதைச் செய்கிறார்கள். ஆனால் வாங்க நினைப்பவர் மனத்தில் பல கேள்விகள் எழுகின்றன. நகரத்தில் வாழ்பவனுக்கு இது உண்மையிலேயே தேவையா? வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? எந்த எஃகு நம் ஊர் வேர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும்? பூட்டு வேண்டுமா, வேண்டாமா? நம் ஊரில் ஏன் யாரும் செய்வதில்லை? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சரியான அளவில், சரியான நோக்கத்தோடு வைத்திருந்தால் மடக்குக்கத்தி ஒரு வீட்டுக் கருவி. அதை ஆயுதமாக நினைப்பவர்கள் வாங்கவே கூடாது.

நமக்குப் புதியதல்ல

மடக்குக்கத்தி ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள் நம் ஓலைச்சுவடிக் காலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எழுத்தாணிகளில் ஒரு வகைக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். பிடியின் ஒரு பக்கம் எழுதும் ஊசிமுனை, மறுபக்கம் சிறு கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். கத்தி எதற்கு? பனையோலையின் நரம்பை நீக்கவும், ஓரத்தை வாரி ஒரே அகலத்துக்குக் கொண்டுவரவும். எழுதுகிறவர் ஊர் ஊராகப் போகிறவர். இடுப்பில் செருகினால் குத்தக்கூடாது, ஓலை நறுக்கத் தனிக்கத்தி சுமக்கவும் கூடாது. இந்த இரண்டு தேவைக்கும் நம் கொல்லர்கள் கண்ட விடை அந்த மடக்கு. குறைந்த எடையில் நிறைந்த பயன் என்று இன்று விளம்பரங்களில் சொல்கிறார்களே, அதைப் புலவர்களும் கணக்கர்களும் கையில் வைத்திருந்தார்கள்.

பாட்டிகளின் சுருக்குப்பையும் அதே கணக்குத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, நாலு சில்லறை, ஒரு பாக்குவெட்டி. அன்றாடம் எது தேவையோ அது மட்டும், அதுவும் இடுப்பில் செருகும் அளவில். பாக்குவெட்டியும் ஒரு முனையில் ஆணி அடித்து மடங்கும் வெட்டுக்கருவியே.

எஃகின் வரலாற்றிலும் பேனாக்கத்திக்கு ஓர் இடம் உண்டு. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்திய எஃகு பற்றி ஒரு கட்டுரை படித்தார். 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த உருக்கு எஃகு அது. பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் அனுப்பிய கட்டிகளில் ஒன்றை ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அதில் செய்து பார்த்தது ஒரு பேனாக்கத்தி. அங்குள்ள மிகச் சிறந்த எஃகுக்கு அது கூரில் குறையவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்படிப்பட்ட உருக்கு எஃகைச் செய்த பகுதிகளில் தமிழ்நாடு முதல் வரிசையில் இருந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்து, இரும்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் கப்பலேற்றினார். ஷெஃபீல்டு அந்த நாட்டின் கத்தித் தலைநகரம்.

உலகம் சொல்லும் பாடம்

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி மடக்குக்கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டையொட்டியது. அங்கிருந்து இன்றுவரை வடிவங்கள் ஆயிரம் வந்தாலும், நம் கேள்விக்கு மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது பிரான்ஸின் ஒப்பினெல். சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கியது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. விவசாயி வாங்கும் விலைக்கு விற்ற கருவி. திறந்த அலகு கையில் மடங்கிவிடாமல் இருக்க 1955இல் கழுத்தில் ஒரு சுழலும் வளையம் சேர்த்தார்கள். இரும்புச் சட்டகம் இல்லாததால் 8ஆம் எண் கத்தி 8.5 செ.மீ. அலகோடு 45 கிராம் அளவில் நின்றுவிடுகிறது.

இரண்டாவது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1897இல் வந்த அதிகாரிக் கத்தியிலிருந்து பிறந்ததுதான் இன்று எல்லோரும் அறிந்த சிவப்புப் பிடி. அந்த வரிசையில் மிகச் சிறியவற்றில் ஒன்றான 'கிளாசிக்' மூடியிருக்கும்போது 5.8 செ.மீ. நீளம். எடை சுமார் 21 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்கள் இதைவிடக் கொஞ்சம் கனம். அதற்குள் ஒரு கத்தி, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம் எல்லாம் இருக்கின்றன.

மூன்றாவது ஜப்பானின் ஹிகோனோகாமி. 1890களில் ஹியோகோ மாநிலத்து மிகி நகரைச் சுற்றிப் பரவியது. மடித்த தகடுதான் பிடி. ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்தால் அலகு நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். பாகங்கள் குறையக் குறையக் கத்தி மெலிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இன்று பிரான்ஸிலிருந்து வரும் டீஜோ போன்றவை இந்த வழியிலேயே போய் 15 கிராம், 27 கிராம், 37 கிராம் என்று எடையையே மாடலுக்குப் பெயராக்கிவிட்டன.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை

சாதாரண மடக்குக்கத்தியைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வகைப் பாகங்கள் இருக்கும்: அலகு, வெளிப்பிடி இரண்டு, அதற்கு உள்ளே இரும்புத் தகடு இரண்டு, முதுகு ஸ்பிரிங், அலகு சுழலும் ஆணி. மெல்லிய கத்தி செய்பவர் இதில் எதை எடுத்துவிடலாம் என்றே யோசிக்கிறார். உள்தகட்டை நீக்கி வெளிப்பிடியையே சட்டகமாக்குவார். பிடியில் துளையிட்டு எடை குறைப்பார். ஒரே பக்கம் சட்டகம் வைத்து மறுபக்கத்தைத் திறந்தே விடுவார். அலகின் கனத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருவார்.

அலகு மெலிவது வெட்டுக்கு நல்லது. கத்தி வெட்டுவது விளிம்பின் கூரால் மட்டுமல்ல. கூருக்குப் பின்னால் உள்ள உலோகம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதாலும்தான். ஆப்பிளைத் தடித்த கத்தியால் வெட்டினால் பாதியில் பிளந்து தெறிக்கும், மெலிந்த கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். அதே மெலிவு நெம்புவதற்கு ஆகாது. பெயின்ட் டப்பா மூடியை நெம்பினால் முனை ஒடியும். பிடி மெலிந்திருப்பதால் அழுத்தி வெட்டும்போது உள்ளங்கையில் பதியும். தேங்காய் உடைக்கவும், கம்பி அறுக்கவும், ஸ்க்ரூ திருகவும் இது உதவாது. டேப், கயிறு, அட்டை, பழம், நூல், மருந்துப் பட்டை, காகிதம்: இதன் எல்லை இவ்வளவே. அன்றாட வெட்டுவேலையில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது என்பதுதான் இதன் நியாயம்.

அடுத்து, பூட்டு வேண்டுமா என்ற கேள்வி. ஸ்பிரிங் பிடிப்பு மட்டும் உள்ள கத்தியைத் திறந்தால் முதுகு ஸ்பிரிங் அலகை நிறுத்திவைக்கும். பின்பக்கம் அழுத்தினால் மடங்கும். பூட்டுள்ளவை அப்படி மடங்காது. குத்தித் துளைக்கும் வேலைக்குப் பூட்டு பாதுகாப்பு. ஆனால் நாம் மேலே சொன்ன வேலைகள் எல்லாம் இழுத்து வெட்டுபவை. இழுக்கும்போது விசை அலகைத் திறந்த பக்கமே தள்ளும். ஆகவே ஸ்பிரிங் பிடிப்பே போதும். கூடுதல் பாகம் இல்லாததால் கத்தியும் மெலியும்.

எவர்சில்வர் ஏன் கத்தியாகாது

வீட்டில் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் பாத்திர எஃகு துருப்பிடிக்காது. ஆனால் அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. குரோமியத்தோடு நிக்கலோ மாங்கனீசோ சேர்ந்த அந்த வகையைக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டாலும் கடினமாகாது. கத்திக்கு வேண்டிய துருவேறா எஃகு வேறு: 13 முதல் 15 சதவீதம் குரோமியம், சுமார் அரை சதவீதம் கரிமம். இதைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகும். பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தினால் உடையாத தன்மை வரும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 55 முதல் 58 வரை இருந்தால் சட்டைப்பைக் கத்திக்குப் பொருத்தம். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகு முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் சாப்பாட்டு மேசைக் கத்தியும் ஒன்று.

கரிமம் மிகுந்த சாதாரண எஃகு இன்னும் எளிதாகக் கூரேறும். குளிர்நாட்டில் அதை விரும்புகிறவர்கள் அதிகம். சென்னைக்கு அது சரிவராது. வேர்வையில் நனைந்த சட்டைப்பையில் ஒரு பகல் கிடந்தாலே புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். மாங்காய், எலுமிச்சை வெட்டித் துடைக்காமல் வைத்தால் அலகு கறுத்துவிடும். பழமும் வெட்டப்போகிற கத்திக்கு நம் ஊரில் துருவேறா எஃகே முறை. விலையுயர்ந்த, மிகக் கடினமான எஃகுகளைத் தேடி ஓட வேண்டியதும் இல்லை. அவற்றை வீட்டுக் கல்லில் தீட்டுவது பெரும்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது

பலரையும் தயங்கவைப்பது சட்டத்தைப் பற்றிய பயம்தான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த பொருளை, கூர்விளிம்பு உள்ளவை உட்பட, ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டும் செய்தவற்றை அந்த வரையறை விலக்கிவிடுகிறது. ஆயுத விதிகளின் அட்டவணை, அலகு 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற கத்திகளைக் குறிப்பிடுகிறது. அதிலும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. 9 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 23 செ.மீ. நாம் பேசும் கத்திகளின் அலகு அதில் பாதிகூட இல்லை.

இடத்துக்கு இடம் கூடுதல் கட்டுப்பாடுகளும் உண்டு. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, பொத்தான் போன்ற பொறியால் திறக்கும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டியவற்றைக் கட்டுப்படுத்தியது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் கத்தி இந்திப் படங்களில் அடியாள் கையில் ஏறிப் புகழ்பெற்றது. 1990களில் அந்த மாநிலம் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகோடு அதைச் செய்யத் தடை விதித்ததும் தொழிலே சுருங்கிப்போனது. கருவி ஆயுதமாகப் பெயரெடுத்தால் முதலில் வயிற்றில் அடிபடுவது அதைச் செய்யும் கைவினைஞர்தான்.

பிரிட்டனில் வாழும் நம் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்தது, வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டுமே.

எண்களைத் தாண்டி மூன்று நடைமுறைகளை மனத்தில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. சரக்காக ஏற்றும் பெட்டியில் வையுங்கள். பள்ளி, நீதிமன்றம், அரசியல் கூட்டம், மெட்ரோ ரயில் ஆகியவற்றுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்; சோதனையில் நிற்பவரிடம் விதி பேசுவதால் பயனில்லை. மூன்றாவது, முக்கியமானது: எவ்வளவு சிறிய கத்தியானாலும் ஒருவரைக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு அதை ஆபத்தான ஆயுதமாகவே பார்க்கும். தற்காப்புக்கென்று கத்தி வைத்திருப்பது தன்னையே ஆபத்தில் தள்ளிக்கொள்வது. சண்டையில் 6 செ.மீ. அலகு யாரையும் காப்பாற்றாது. வாய்த்தகராறைக் கொலை வழக்காக மாற்ற அது போதும். இளைஞர்களிடம் இதை வீட்டில் பெரியவர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

கூர் பார்த்தல்

மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்து. வெட்டாததால் அழுத்துகிறோம், அழுத்தியதால் வழுக்குகிறது. தெருவில் சைக்கிளோடு வரும் சாணைக்காரர் அரிவாள்மனைக்கும் சமையல் கத்திக்கும் உதவுவார். மெல்லிய அலகை அந்தச் சுழல்கல்லில் காட்டாதீர்கள். பொறி பறக்கும் வேகத்தில் விளிம்பு சூடேறி நீலம் பூத்தால் பதம் போயிற்று. அந்த இடத்தில் கூர் இனி நிற்காது.

வீட்டில் தீட்ட 1000 எண் நீர்க்கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகைச் சற்றே தூக்குங்கள். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக்குள் சாய்வு இருக்கட்டும். அடியிலிருந்து முனைவரை ஒரே சாய்வில் தள்ளுங்கள். சில தடவை தள்ளியபின் மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்கே மெல்ல ஓட்டினால் நூலிழைபோல் ஒரு பிசிறு தட்டுப்படும். அதுதான் இந்தப் பக்கம் வேலை முடிந்ததற்கு அடையாளம். திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள். கடைசியில் அழுத்தமில்லாமல் மாறி மாறி நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு உதிரும். செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பாருங்கள்; கிழியாமல் வெட்டினால் சரி. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கிறதே, அதுவும் கல்லின் வேலையைச் செய்யும்.

பழம் வெட்டினால் கழுவித் துடைத்த பிறகே மடக்குங்கள். ஆணியில் எப்போதாவது ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

அம்பத்தூரில் ஏன் செய்யக்கூடாது?

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் எட்டிப்பிடிக்கும் தூரம். 1964இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை சிறுதொழிலுக்கு நாட்டிலேயே பேர்பெற்றது. பக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம். இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்தே இங்குள்ள பட்டறைகள் வளர்ந்தன. லேசர் கட்டிங், வயர் கட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், சர்ஃபேஸ் கிரைண்டிங், டை செய்யும் டூல் ரூம் என்று மடக்குக்கத்திக்கு வேண்டிய அத்தனை வேலையும் இந்த வட்டாரத்துக்குள் இருக்கிறது. சேலத்தில் துருவேறா எஃகு ஆலை இருக்கிறது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் கை நம் மாநிலத்தில்தான் இருக்கிறது.

இல்லாதது, இது ஒரு கௌரவமான வீட்டுச் சாமான் என்ற எண்ணம். வாங்குகிறவர் வெளிநாட்டுப் பெயர் பார்த்து அதிக விலை கொடுக்கிறார், இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ஆணி ஆடும் மலிவுச் சரக்கை வாங்கி ஏமாறுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே, எந்த எஃகு, எவ்வளவு கடினம், அலகு எத்தனை செ.மீ. என்பதை அட்டையிலேயே தெளிவாக அச்சிட்டு, ஆணி தளர்ந்தால் கொண்டுவந்து முடுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் உள்ளூர்த் தயாரிப்புக்கு இடம் காலியாக இருக்கிறது. காரின் உதிரிபாகத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்துகொடுக்கும் பட்டறைக்கு இது முடியாத வேலை அல்ல.

ஆக, வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது: அலகு 7 செ.மீ.க்குள், எடை 50 கிராமுக்குள், துருவேறா எஃகு, பொத்தானும் பூட்டும் இல்லாத ஸ்பிரிங் பிடிப்பு. கடையில் திறந்து மூடிப் பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது, மூடியபின் முனை வெளியே தெரியக்கூடாது. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அம்பத்தூர் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆர்டர் குறைந்த மாதங்களில் டூல் ரூமில் இப்படி ஒரு கத்தியைச் செய்து பாருங்கள். நல்லதாக வந்தால் வாங்க நாங்கள் இருக்கிறோம்.